கல்மழை பெய்த தீவில் ஒரு நாள்

உலகப் படத்தை விரித்து, தென் அமெரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையில் ஈக்வடார் என்னும் நாட்டைத் தேடிக் காண்க. அந்நாட்டின் கரையில் விரலை வைத்து, பூமத்திய ரேகையின் வழியே மேற்கு நோக்கி நகர்த்திச் சென்றால், பசிபிக் மாகடலின் நீலப் பரப்பில், ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தொலைவில், மிளகைச் சிதறினாற்போன்று சில புள்ளிகள் தென்படும். அவையே கலாபகோஸ் தீவுகள். அவற்றுள் மிகப் பெரியது இசபெலா. ஆறு எரிமலைகள் கக்கிய குழம்பு ஒன்றோடொன்று கலந்து இறுகியதால் உருவான தீவு அது. ஈக்வடாரில் மறைப்பணி புரியும் நம் குருமடத்துத் தோழர் ஒருவரின் அழைப்பை ஏற்று, 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அந்நாடு சென்ற நாம், அவருடன் இசபெலாவில் ஒரு முழு நாளைக் கழிக்கும் பேறு பெற்றோம். அன்று கண்டவற்றையும், அவை நம் உள்ளத்தில் மீண்டும் எழுப்பிய ஒரு கேள்வியையும் நம் பங்குக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இத்தீவுகளை முதன்முதல் கண்டு எழுத்தில் பதித்தவர் ஓர் ஆயர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. பனாமாவின் ஆயராயிருந்த தோமாஸ் தெ பெர்லாங்கா, சாமிநாதர் சபைத் துறவி. பெரு நாட்டில் ஸ்பானியத் தளபதிகளுக்கிடையே மூண்டிருந்த பிணக்கைத் தீர்க்குமாறு பேரரசர் ஐந்தாம் சார்லஸ் பணிக்கவே, 1535-ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று அவர் கப்பலேறினார். நடுக்கடலில் காற்று நின்றுவிட்டது. நீரோட்டம் கப்பலை இழுத்துச் சென்று, மார்ச் 10 அன்று இத்தீவுகளின் முன் நிறுத்தியது. கப்பலிலோ குடிநீர் தீரும் நிலை. கரையில் இறங்கித் தேடியவர்கள் கிணறு தோண்டினால் கடல்நீரினும் கடுத்த உப்புநீரே ஊறியது. நம் ஊர் வேலியோரங்களில் வளரும் சப்பாத்திக் கள்ளியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கள்ளியின் மடல்களை மென்று, அதன் சாற்றால் நாவை நனைத்துக்கொண்டனர். பழைய வழிபாட்டு முறையில் பாடுகளின் ஞாயிறு எனப்பட்ட தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று, ஆயர் கரையிலேயே திருப்பலி நிறைவேற்றினார். பின்னர் மக்களை இருவர் மூவராகப் பிரித்து அனுப்பினார். பாறைப் பள்ளமொன்றில் அவர்கள் நீரைக் கண்டனர். எனினும் நீரின்மையால் இரு மனிதரும் பத்துக் குதிரைகளும் மாண்டதாக அவர் அரசருக்கு எழுதினார்.

அதே மடலில் தீவைப்பற்றிய தம் கருத்தையும் அவர் மறைக்கவில்லை. இறைவன் என்றோ இங்குக் கற்களை மழையாய்ப் பொழிந்திருக்க வேண்டும். மண்ணோ சிறிது புல்லையும் முளைப்பிக்கும் ஆற்றலற்ற கசடு. பறவைகளோ மனிதரைக் கண்டால் ஓடவும் தெரியாத பேதைகள் என்பது அவர் கூறியதன் சாரம். இவ்வாயர் மண்ணின் அருமை அறியாதவரல்லர். 1516-இல் கனேரித் தீவிலிருந்து வாழைக்கன்றுகளைக் கரிபியத் தீவுக்குக் கொண்டுசேர்த்தவர் அவரே என்று பழைய வரலாற்றாசிரியர் குறித்துள்ளனர். வாழை நடத் தெரிந்த கண்ணுக்கு இந்நிலம் பயனற்றதாய்த் தோன்றியதில் வியப்பில்லை. பயன் என்னும் அச்சொல்லை வாசகர்கள் சற்று நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

புவேர்ட்டோ வில்லமில் என்பது இசபெலாவின் தென்கரையில் உள்ள சிற்றூர். விடியற்காலையில் செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தோம். பயணிகள் அமர்வதற்கென இடப்பட்ட மரப்பலகை ஒன்றில் யாரோ போர்த்திக்கொண்டு உறங்குவதாக எண்ணி மெதுவாய் நெருங்கினால், அது ஒரு கடற்சிங்கம்! ஒரு கண்ணைத் திறந்து நம்மைப் பார்த்தது. நம்மால் ஆவதொன்றுமில்லை என்று கண்டுகொண்டதுபோல் மீண்டும் கண்ணை மூடிக்கொண்டது. “இங்கே பெஞ்சு அவர்களுக்கு, நிற்பது நமக்கு” என்று நகைத்தார் தோழர்.

அருகிலிருந்த கரும்பாறைகள் அசைவதுபோல் தோன்றவே உற்று நோக்கினோம். பாறை முழுவதும் இகுவானாக்கள். நம் நாட்டு உடும்பை ஒத்த உருவம். முதுகில் வரிசையாய் முட்கள். உலகிலுள்ள பல்லியினங்களுள் கடலில் மூழ்கி இரை தேடுவது இது ஒன்றே. குளிர்ந்த நீரினுள் சென்று பாறையில் படர்ந்த பாசியை மேய்ந்துவிட்டு, கரையேறி, இழந்த வெப்பத்தைப் பெறக் கதிரவன் முன் படுத்துக் கிடக்கிறது. உண்ணும்போது உட்கொண்ட மிகுதியான உப்பைப் பிரிக்க அதன் தலையில் தனிச் சுரப்பி உண்டு. அவ்வுப்பை அது மூக்கின் வழியே தும்மி வெளியேற்றுகிறது. ஒன்று தும்ம, அடுத்தது தும்ம, பாறை முழுவதும் சளி பிடித்த வகுப்பறை போலாயிற்று. எல் நினோ ஆண்டுகளில் கடல் வெதும்பிப் பாசி அருகிவிடும்போது, இவ்விலங்கு தன் உடலின் நீளத்தையே சுருக்கிக்கொண்டு பஞ்சத்தைக் கடக்கிறது என்று ஆய்வாளர் அளந்து கூறியுள்ளனர். நல்ல காலம் திரும்பினால் மீண்டும் வளர்ந்துவிடுமாம்.

துறைக்கப்பால் இரு பென்குயின்கள் நீந்திச் சென்றன. பனிப்பாறைகளோடு மட்டுமே நாம் சேர்த்து எண்ணிப் பழகிய பறவை, பூமத்திய ரேகையின் மேல் எவ்வாறு வாழ்கிறது? தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டமும், மேற்கிலிருந்து ஆழத்தில் வந்து தீவில் மோதி மேலெழும் குரோம்வெல் நீரோட்டமும் இக்கடலைக் குளிர்வித்து வைப்பதே காரணம். இவ்விலங்குகளை 2 மீட்டருக்குக் குறைவாக நெருங்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. ஆனால் அவை அவ்விதியை அறியா. நம்மிடம் தாமே வந்துவிடுகின்றன. விலகிச் செல்லும் கடமை நம்முடையதாகிறது.

காலை 7 மணிக்கு வழிகாட்டியான உள்ளூர் இளைஞர் ஒருவருடன் சியரா நெக்ரா எரிமலைக்குப் புறப்பட்டோம். கருமலை என்பது அப்பெயரின் பொருள். வண்டி அரைமணி நேரம் ஏறி நின்றதும், மூடுபனியினூடே செம்மண் பாதையில் நடை தொடங்கியது. இலைகளில் நீர் சொட்டிற்று. டார்வின் ஆராய்ந்த குருவிகளின் வழிவந்தவை சில, நாம் அமர்ந்த இடத்தில் காலடிவரை தத்தி வந்து ரொட்டித் துணுக்கை எதிர்பார்த்தன. கொடுப்பதற்கு அனுமதி இல்லை. மலை விளிம்பை அடைந்தபோது எதிரே வெண்பனியைத் தவிர வேறொன்றும் இல்லை. “பொறுங்கள்” என்றார் வழிகாட்டி. கால்மணி நேரத்தில் காற்று வீசிப் பனித்திரை கிழிந்தது. நம் காலடியிலிருந்து கீழே, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலத்துக்கு, கரிய வட்டில் ஒன்று கிடந்தது. நம் பங்கின் கிளைக்கிராமங்கள் யாவற்றையும் அதனுள் வைத்து மூடிவிடலாம். 2005-ஆம் ஆண்டு அக்டோபரில் பீறிட்ட குழம்பு அதன் தரையில் இறுகிக் கிடந்தது.

அத்தரை நிலையானதன்று. 2005-க்கும் 2018-க்கும் இடைப்பட்ட 13 ஆண்டுகளில் அடியிலுள்ள குழம்பின் அழுத்தத்தால் அது 6 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. 2018 ஜூன் 26 அன்று மலை மீண்டும் வெடித்தது. குழம்பு வடசரிவில் ஓடிக் கடலில் கலந்தது. அசையாத அகல்விளக்கின் மேலே ஒரு தாளை மெல்ல இழுத்தால், அதில் வரிசையாகக் கரும்புள்ளிகள் விழும் அல்லவா? இத்தீவுகள் உண்டான விதமும் அத்தகையதே. பூமியின் ஆழத்தில் கனன்றுகொண்டிருக்கும் வெப்பத்தின் மேலே கடலின் தரை கிழக்கு நோக்கி ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கிறது. ஆகவே கிழக்கிலுள்ள தீவுகள் முதியவை. மேற்கிலுள்ள இசபெலா இளையது. இளையது என்றாலும் அதன் அகவை லட்சக்கணக்கான ஆண்டுகள்.

விளிம்பைக் கடந்து வல்கான் சீக்கோ என்னும் சிறு எரிமலைப் பகுதிக்கு இறங்கினோம். அங்கே மரம் இல்லை, நிழல் இல்லை. 1979-இல் கக்கப்பட்ட குழம்பு உடைந்த ஓடுகளாய் நொறுங்கிக் கிடந்தது. கருப்பு, செங்கல் நிறம், மஞ்சள் என்று பல வண்ணம். நடக்கும்போது கண்ணாடித் துண்டுகளின் மேல் நடப்பதுபோன்ற ஓசை. ஒரு பாறைத் துளையின்மேல் கையை நீட்டச் சொன்னார் வழிகாட்டி. உள்ளிருந்து வந்த வெப்பக் காற்று, இட்லிப் பானையின் மூடியைத் திறந்தாற்போல் உள்ளங்கையில் பட்டது. அத்துளையின் ஓரத்திலேயே விரல் நீளப் பெரணி ஒன்று பசேலென்று நின்றது. சற்றுத் தள்ளி, குழம்புக் கள்ளி எனப்படும் முட்செடி கொத்துக்கொத்தாய் எழுந்திருந்தது. வெந்த பாறையில் முதன்முதல் குடியேறும் செடி அதுதான். அது மடிந்து மட்கினால்தான் அடுத்த செடிக்கு ஒரு பிடி மண் கிடைக்கும்.

அவ்விடத்தில் அமர்ந்தபோதுதான், பல மாதங்களாய் நம் உள்ளத்தில் தைத்திருந்த கேள்வி மேலெழுந்தது. நம் பங்கில் ஒரு தாய், நடக்கவும் பேசவும் இயலாத தன் 12 வயது மகனைத் தூக்கிக்கொண்டு ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவாள். ஒருநாள் பூசைக்குப்பின் அறைவீட்டு வாயிலில் நின்று, “இவன் எதுக்கு ஆவான் சாமி?” என்று கேட்டாள். அழவில்லை, விலை கேட்பதுபோல் கேட்டாள். எல்லாருக்கும் இறைவன் ஒரு திட்டம் வைத்திருக்கிறார் என்று, குருமடத்தில் கற்ற மறுமொழியை நாம் கூறினோம். அவள் தலையசைத்துச் சென்றுவிட்டாள். அந்தத் தலையசைப்பில் ஒப்புதல் இல்லை என்பதை நாம் அறிந்தே இருந்தோம்.

படைப்பனைத்தும் மனிதனின் பயனுக்கே என்று மறையுரையில் எத்தனையோ முறை எளிதாய்க் கூறியிருக்கிறோம். ஆனால் 1535-க்குமுன் இத்தீவுகளில் மனிதர் குடியிருந்ததற்கு உறுதியான சான்றில்லை. அந்த லட்சக்கணக்கான ஆண்டுகளில், காண்பதற்குக் கண்ணும் உண்பதற்கு வாயும் கொண்ட ஒரு மனிதன்கூட இல்லாதபோது, இப்பெரணி யாருக்காக முளைத்தது? இகுவானா யாருக்காகத் தும்மியது? ஆயருக்குச் சரியாக 300 ஆண்டுகளுக்குப்பின், 1835-இல், இங்கு வந்த டார்வினின் பெயரைக் கேட்டால் அஞ்சுவோர் நம்மிடையே இன்றும் உளர். அவருடைய கொள்கை வெறும் ஊகத்துக்கும் மேற்பட்டது என்று 1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிஞர் கழகத்துக்குத் தெரிவித்ததை அவர்களுக்கு நினைவூட்டுவோம். நம்மை அன்று அசைத்தது அக்கொள்கையன்று. அந்நீண்ட காலத்தின் மௌனமே. விவிலியத்தின் முதல் அதிகாரத்தை மனத்துள் புரட்டிப் பார்த்தோம். மனிதன் தோன்றுமுன்பே, மீனையும் பறவையையும் விலங்கையும் கண்டு, நல்லதென்று இறைவன் மகிழ்ந்ததாக அல்லவா அங்கே எழுதப்பட்டிருக்கிறது! பல்லாண்டு படித்த பகுதிதான். ஆனால் அந்த நல்லது என்னும் சொல்லுக்குப் பயன் ஒரு காரணமாய்க் கூறப்படவில்லை என்பது அப்பாறையின் மேல்தான் நமக்கு உறைத்தது.

நண்பகலுக்குப்பின் ஊர் திரும்பி, ஆமைகளை வளர்க்கும் நிலையத்துக்குச் சென்றோம். வழியிலிருந்த உப்பேரியில், நம் கோடிக்கரைக்கு வரும் பூநாரைகளின் உறவினர் சிலர் தலையை நீரில் கவிழ்த்து இரை வடித்துக்கொண்டிருந்தனர். இத்தீவுகளுக்குப் பெயர் தந்தவையே ஆமைகள். 200 கிலோவைத் தாண்டும் எடை. நூறாண்டைக் கடக்கும் ஆயுள். மாதக்கணக்கில் உணவும் நீரும் இன்றி உயிர்தாங்கும் ஆற்றல் ஒன்றே இவற்றுக்கு வினையாயிற்று. திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இவற்றை உயிரோடு அடித்தளத்தில் அடுக்கி வைத்து, வேண்டியபோது வெட்டி உண்டன. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஆமைகள் இவ்வாறு அழிந்திருக்கும் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. பின்ட்டா என்னும் தீவின் ஆமையினத்தில் எஞ்சிய ஒன்று, தனியன் ஜார்ஜ் எனப் பெயர் பெற்றது, 2012 ஜூன் 24 அன்று இறந்ததோடு அவ்வினம் முடிந்தது. ஓடத் தெரியாத விலங்கைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் செய்த வேலை இது.

ஆயினும் அதே மனிதர்கள்தாம் இன்று முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிக்க வைத்து, குஞ்சுகளைச் சில ஆண்டுகள் காத்து, காட்டில் விடுகின்றனர். 1998-இல் இதே தீவின் செரோ அசூல் எரிமலை வெடித்தபோது, குழம்பின் பாதையிலிருந்த ஆமைகள் சிலவற்றை ஹெலிகாப்டரில் ஏற்றிக் கொணர்ந்து காத்தனர். உள்ளங்கையளவு குஞ்சு ஒன்று கல்லின்மேல் ஏற முயன்று, சறுக்கி, மீண்டும் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றோம். அதற்கு முழு வளர்ச்சி வரும்போது நம்மை நினைப்பவர் எவரும் இருக்கமாட்டார்.

மாலையில் வாடகைச் சைக்கிள் இரண்டை எடுத்துக்கொண்டு, மேற்கே 5 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவிலுள்ள ஓரிடத்துக்குச் சென்றோம். ஐம்பதைக் கடந்த இரு குருக்கள் மணற்பாதையில் சைக்கிள் மிதித்த காட்சியைப்பற்றி மேலும் கூறாது விடுகிறோம். வழியில் ஓர் ஆமை பாதையின் குறுக்கே நின்றது. அது கடக்கும்வரை நாம் இறங்கி நின்றோம். பாதையின் முடிவில், கள்ளிமரங்களுக்கிடையே, அச்சுவர் எழுந்து நின்றது. கண்ணீர்ச் சுவர் என்பது அதன் பெயர்.

1946-இல் ஈக்வடார் அரசு இசபெலாவில் ஒரு தண்டனைக் குடியிருப்பை நிறுவியது. பெருநிலத்திலிருந்து கைதிகளைக் கொணர்ந்து, வெயிலில் எரிமலைக் கற்களைத் தோளில் சுமக்கவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கச் செய்தனர். காரை இல்லை, கல்மேல் கல். நீளம் ஏறத்தாழ 100 மீட்டர். உயரம் பல ஆள் அளவு. அச்சுவர் எதையும் சூழ்ந்திருக்கவில்லை, எதையும் தடுக்கவில்லை. அதன் இரு முனைகளையும் யாரும் சுற்றி நடந்துவிடலாம். பலர் அங்கே மாண்டனர். 1958-இல் கைதிகள் கிளர்ந்தெழுந்து, வந்த படகொன்றைக் கைப்பற்றித் தப்பினர். 1959-இல் குடியிருப்பு மூடப்பட்டது. அதே ஆண்டில்தான் இத்தீவுகள் தேசியப் பூங்காவாயின.

கல்லொன்றின்மேல் கை வைத்துப் பார்த்தோம். கூர்மையாய், வெயிலின் சூட்டோடு இருந்தது. சமூகத்துக்குப் பயனற்றவர் என்று தீர்க்கப்பட்ட மனிதரைக்கொண்டு, பயனற்ற வேலையைச் செய்வித்து, அவர்தம் உள்ளத்தை உடைத்திருக்கின்றனர். விலங்குகள் மனிதருக்கு அஞ்சாத அதே தீவில், மனிதர் மனிதருக்கு அஞ்சி வாழ்ந்திருக்கின்றனர். காலையில் ஆயரின் கடிதத்தை நினைத்துப் புன்னகைத்த நமக்கு, அப்போது புன்னகை வரவில்லை. மண்ணைப் பயனற்றதென்று ஒதுக்குவதில் தொடங்கும் கணக்கு, மனிதரைப் பயனற்றவரென்று ஒதுக்குவதில் போய் முடியும் என்பதற்கு அச்சுவரே சாட்சி. அத்தகைய சுவர்கள் நம் வீடுகளிலும் இல்லாமலில்லை. திண்ணையோரத்துக்குத் தள்ளப்பட்ட முதியவரைக் கேட்டால் அதன் நீளத்தைக் கூறுவார். நாமும் அச்சுவரில் ஒரு கல்லை வைத்திருக்கிறோம். அத்தாய் கேட்ட கேள்வியை, கேட்கத் தகாத கேள்வி என்று கூறாமல், அதற்கு விடை தேட முற்பட்டதே அக்கல். இறந்த கைதிகளுக்காக இருவரும் ஒரு விண்ணுலகத் தந்தையே சொல்லித் திரும்பினோம்.

இத்தீவுகளின் திருச்சபை 1950-இல் பிரான்சிஸ்கன் சபைத் துறவியரிடம் ஒப்படைக்கப்பட்டு, 1992-இல் திருத்தூதரக மறைவட்டமாய் உயர்ந்தது. பறவைகளைச் சகோதரர் என்றழைத்த அசிசி நகர்த் தூயவரின் மக்களுக்கு இதனினும் ஏற்ற பங்கு வாய்த்திராது. வில்லமில் ஊரின் சிறு கோயிலில் அன்று மாலைத் திருப்பலியில் தோழருடன் கலந்துகொண்டோம். வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் இகுவானாவும் ஆமையும் பறவைகளும் தீட்டப்பட்டிருந்தன. மனிதப் புனிதரையே கண்டு பழகிய நமக்கு முதலில் கூச்சமாயிருந்தது. காணிக்கை வேளைக்குள் அது நீங்கிவிட்டது. அப்பத்தை உயர்த்திய குருவின் கைகளுக்குப் பின்னால், கதிரவன் மறையும் ஒளியில், அவ்விலங்குகள் ஒவ்வொன்றாய் நிறம் மங்கி அடங்கின.

ஊர் திரும்பியபின் அத்தாயின் இல்லத்துக்குச் சென்றோம். இத்தனையையும் அவளுக்கு எடுத்துரைக்க எண்ணியே சென்றோம். ஆனால் வாயிற்படியில் அவள் மகனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்ததைக் கண்டதும், உரைக்க ஒன்றும் இல்லை என்று தோன்றியது. அவள் இரவும் பகலும் சுமக்கும் பாரத்தை எந்தத் தீவின் கதையும் குறைத்துவிடாது. பாயில் பையனின் அருகே அமர்ந்தோம். “தூர தேசம் போனீங்களாமே, என்ன சாமி பார்த்தீங்க?” என்றாள் அவள். கடலில் மேயும் உடும்பைப்பற்றிக் கூறி, அது தும்மும் விதத்தையும் செய்து காட்டினோம். பையன் திடுக்கிட்டு நம்மைப் பார்த்தான். பின் உடல் முழுவதும் குலுங்கச் சிரித்தான். கஞ்சி சட்டையில் சிந்தியது. துடைக்கப் போன தாயும் சிரித்துவிட்டாள். அன்று அவள் அக்கேள்வியைக் கேட்கவில்லை. அவன் கையை நீட்டி நம் அங்கியைப் பற்றி இழுத்தான். நாம் மீண்டும் ஒருமுறை தும்மினோம்.